ஜோஸ்னா மயங்கவில்லை

பாறசாலைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால்கூட எனக்கு நிம்மதி கிடையாது. போன வாரம் பொழியூரிலிருந்து வரும் மீன்காரி தராசைப் பிடித்தபடியே கேட்டாள், "ஒங்க அக்காக்க மவளுக்கு அந்தத் தலைசுத்து மாறிச்சா?"

"அவளுக்குத் தலைசுத்து வந்ததே இல்ல பிள்ளே" என்றேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு இரண்டு சாளையைக் கூடுதலாகப் போட்டாள். கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த இரண்டு சாளைதான் எனக்குப் பொறுக்கவில்லை. நெய்யாற்றின்கரை வரைக்கும் என் அக்காள் மகள் ஜோஸ்னா 'விமானத்தில் மயங்கி விழுந்த பெண்' ஆகிவிட்டாள். நடந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் வாயைத் திறக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு மயக்கம் எது, மயக்கம் என்று கட்டிவிட்ட கதை எது என்று நன்றாகவே தெரியும்.

அந்த ஒருவர் ஜோஸ்னாவின் அப்பா சுந்தரதாஸ். என் அத்தான். அரசு பஸ் டிரைவராக இருந்தவர். நல்ல டிரைவர், அதில் குறை சொல்ல மாட்டேன். "வண்டி சாயுதது கண்ணுக்குத் தெரியுததுக்கு முந்தி முதுகுக்குத் தெரியணும். அவனாக்கும் டிரைவர்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த பெண் ஒருநாள் பைலட் ஆகப் போகிறேன் என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது.

அந்தப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தவர் மோகனன், காட்டாக்கடைக்காரர். அவ்வளவு தூரத்தில் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார் என்றதும் என் அக்காள் ரத்னபாய் அழுதே விட்டாள். விடுமுறைக்கு வந்தபோது மோகனன் வீட்டுக்கும் வந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இனி இவள் என் பொறுப்பு" என்று அத்தானின் கையைப் பிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து ஜோஸ்னா ரயில் ஏறும்போதெல்லாம் மோகனன் சாருக்கென்று ஒரு டப்பா ஏத்தங்காய் சிப்ஸும் கூடவே போகும்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். இருவர் அருகருகே உட்காரும் சின்ன விமானத்தில் ஜோஸ்னாவும் மோகனனும் பயிற்சிக்குப் போனார்கள். திரும்பும்போது வழியில் மேகம் அடைத்திருந்தது. சுற்றிப் போகலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு நேராக மேகத்துக்குள் விட்டார். அவருக்கு என்ன அவசரமோ.

மேகத்துக்குள் போனால் மேலும் இல்லை, கீழும் இல்லை. வெள்ளை மட்டும்தான். கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மரமோ தரையோ இல்லாதபோது உடம்பு தன் காதைத்தான் நம்பும். நம் உள்காதில் இருக்கும் நீர் அசைவதை வைத்துத்தான் சாய்கிறோமா திரும்புகிறோமா என்று மூளை அறிகிறது. ஆனால் மெதுவாகச் சாய்ந்தால் அந்த நீருக்குத் தெரிவதில்லை. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது 'நேராகப் போகிறோம்' என்று சொல்லிவிடும். அதனால்தான் பைலட்டுகளுக்கு முதல் பாடமே, மேகத்தில் உன்னை நம்பாதே, முன்னால் இருக்கும் கருவிகளை நம்பு என்பது. இதை ஜோஸ்னாவுக்குச் சொல்லிக்கொடுத்தவரே மோகனன்தான்.

மோகனனின் செல்போன் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தேடினார். அதற்குள் விமானம் மெல்ல இடதுபக்கம் சரிந்து, மூக்கைக் கவிழ்த்து, சுற்றிச் சுற்றி இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் நிமிர்ந்தார். அவர் உடம்பு நேராக இருக்கிறோம் என்றது. உயரம் குறைவது மட்டும் தெரிந்ததால் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். சரிந்து சுற்றும் விமானத்தை அப்படி இழுத்தால் அது ஏறாது, சுற்றுதான் இன்னும் இறுகும்.

"சார், இடதுபக்கம் சாய்ஞ்சிருக்கோம்" என்றாள் ஜோஸ்னா.

"அந்தக் கருவி கேடு" என்று அவர் மேலும் இழுத்தார்.

இந்த இடத்தை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். "சித்தி, எனக்கும் நேராத்தான் இருந்தது. சத்தியமா நேராத்தான் இருந்தது. சார் சொல்லுதது சரின்னு என் உடம்பு முழுக்கச் சொல்லிச்சு. ஆனா எல்லாக் கருவியும் ஒரே மாதிரி காட்டிச்சு. எல்லாம் ஒண்ணுபோல கேடாவுமா?"

அவள் கத்தி அவர் கையை எடுக்க வைத்தாள். எஞ்சின் வேகத்தைக் குறைத்தாள். கருவியைப் பார்த்தே இறக்கைகளை நிமிர்த்தினாள், பிறகு மூக்கைத் தூக்கினாள். மேகத்தைவிட்டு வெளியே விழுந்தபோது கீழே வீடுகளின் ஓடு தெரிந்தது. அதன் பிறகும் விமானம் வலதுபக்கம் கவிழ்கிறது என்றே அவள் உடம்பு அடம்பிடித்திருக்கிறது. இடதுபக்கம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே இறக்கினாளாம். பக்கத்தில் மோகனன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கிய பிறகு பேசினார். "மோளே, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அப்பாட்ட நானே பக்குவமாச் சொல்லுதேன்." பாவிப்பெண் சரி என்றாள். எங்கள் வீட்டுச் சிப்ஸை வாங்கித் தின்ற ஆள் அல்லவா, நம்பிவிட்டாள்.

பக்குவமாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலமே அத்தானுக்குப் போன் வந்தது. மேகத்தில் ஜோஸ்னாவுக்குத் தலை சுற்றிவிட்டது, கைப்பிடியைப் பிடித்தபடி விறைத்துவிட்டாள், எப்படியோ நான் விமானத்தை மீட்டேன், இப்போது நலம். கடைசியாக ஒன்று சேர்த்துக்கொண்டார்: அவளிடம் இதைப் பற்றிக் கேட்காதீர்கள், கேட்டால் மனம் உடைந்துபோவாள். மகள்மேல் எவ்வளவு அக்கறை என்று அத்தான் உருகிப்போனார். மகளிடம் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து அத்தான் சாட்சி சொல்ல எழுந்தார். ஆபத்திலிருந்து தப்பினவர்கள் சபைமுன் நின்று நடந்ததைச் சொல்லி நன்றி செலுத்துவது எங்கள் வழக்கம். ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சாட்சி சொல்லும்போது எங்கள் ஆட்கள் கொஞ்சம் மெழுகுவார்கள். காய்ச்சல் வந்தவன் செத்துப் பிழைப்பான். டாக்டர் கைவிரிக்காத நோயே கிடையாது. கடவுளைப் பெரிதாக்கத்தானே என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அத்தானும் மெழுகினார். "என் மவளே போனில எங்கிட்டச் சொன்னா. அப்பா, எனக்குக் கண்ணு இருட்டிச்சு, கையும் காலும் வெறச்சுப்போச்சு, மோகனன் சார் இல்லேன்னா நான் இல்லன்னு அழுதா" என்றார். அவள் போன் செய்யவே இல்லை. பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரர்களுக்காக ஆராதனையை நேரலையாகப் போடுவார்கள். ஜோஸ்னாவும் விடுதியில் உட்கார்ந்து வாராவாரம் அதைத்தான் பார்ப்பாள். அன்றும் பார்த்தாள்.

எனக்கு அப்போதே உறுத்தியது. பொன்முடி மலைக்கு வேனில் போன அன்று வளைவுக்கு வளைவு எல்லோரும் வாந்தியெடுக்க, இவள் ஒருத்தி முறுக்குத் தின்றுகொண்டு வந்தவள். வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். "அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சித்தி" என்று மட்டும் முதலில் சொன்னாள். பிறகுதான் மீதியெல்லாம் வந்தது.

நான் அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "இத்தன வருசம் விமானம் ஓட்டின ஆளுக்கு, தான் சாய்ஞ்சிருக்கா நேரா இரிக்கான்னு தெரியாதா? எனக்கே தெரியுமே. பிள்ள வெக்கத்துல சொல்லுதா." சாட்சி வீடியோவை மோகனன் கேட்டு வாங்கினார் என்பதையும் அன்றுதான் சொன்னார். பெரிய உபகாரம் செய்ததுபோல, "ஒங்க பேரையும் சொல்லியிருக்கேன் சார்" என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

அது எதற்கு என்று பிறகு புரிந்தது. மேகத்துக்குள் மோகனன் கைப்பிடியை அப்படி இழுத்ததில் விமானத்தின் இறக்கைத் தகட்டில் சுருக்கம் விழுந்திருந்ததை மெக்கானிக்குகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளி விசாரணை வைத்தது. சின்ன விமானத்தில் பேச்சைப் பதியும் கருவி கிடையாது. அவர் சொல்வது ஒன்று, இவள் சொல்வது ஒன்று. மோகனன் வீடியோவை எடுத்து மேசைமேல் வைத்தார். பெற்ற தகப்பனே ஆலயத்தில் நின்று சொல்கிறார், அதுவும் மகள் சொன்னாள் என்று. இதற்குமேல் என்ன வேண்டும்? விசாரணை முடியும்வரை விமானத்தில் ஏறக்கூடாது என்று ஜோஸ்னாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்தவள் அழவில்லை, சண்டை போடவில்லை. என் வீட்டில் இருந்த சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் போட்டாள். "அப்பா, இதுல இருங்க" என்றாள். ஒரு தோர்த்துத் துண்டால் கண்ணைக் கட்டினாள். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் பெருவிரலைக் காட்டச் சொல்லிவிட்டு, மெதுவாக வலதுபக்கம் ஒரே சீராகச் சுற்றத் தொடங்கினாள். முதலில் விரல் வலதுபக்கம் காட்டியது. கொஞ்சம் போனதும், நாற்காலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே, "நின்னாச்சு" என்றார். ரத்னபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோஸ்னா நாற்காலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்பம் எடத்தோட்டுச் சுத்துதே" என்று அத்தான் விரலை இடதுபக்கம் நீட்டினார்.

அவள் தோர்த்தை அவிழ்த்தாள். நாற்காலி அசையாமல் நின்றது. அவர் விரல் இன்னும் இடதுபக்கம் நீண்டிருந்தது. அதைத் தானே பார்த்தார், மடக்கிக்கொண்டார். பிறகு, "அப்பம் அவரு எங்கிட்டச் சொன்னது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"நீங்க ஒண்ணும் பெரிசாச் செய்யாண்டாம் அப்பா. நான் போன்ல அப்பிடிச் சொல்லல்ல, மோகனன் சார்தான் சொன்னாருன்னு மட்டும் சொன்னாப் போதும். நாளைக்கு விசாரணைக்கு அவியள் ஒங்களக் கூப்பிடுவாவ."

"சொல்லுதேன் மக்கா" என்றார். நான் என் காதால் கேட்டேன்.

ஆனால் அது சபைத் தேர்தல் சமயம். அத்தான் செயலாளர் பதவிக்கு நின்றார். எங்கள் சபைத் தேர்தலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் பிச்சை வாங்க வேண்டும். சாட்சியில் பொய் சொன்னேன் என்று அத்தான் ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டால் எதிரணி அதை ஊரெல்லாம் கொண்டுபோய்விடும். நோட்டீஸே அடிப்பார்கள்.

மறுநாள் காலையில் வீடியோ கால் வந்தது. விசாரணைக் குழுவில் மலையாளி ஒருவரும் இருந்தார், அவர்தான் கேட்டார். திரையில் தெரியாதபடி ஜோஸ்னா எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில். சாட்சியில் நீங்கள் சொன்னது மகளே உங்களிடம் சொன்னதா, வேறு யாராவது சொன்னதா?

அத்தான் கழுத்துப் பொத்தானைப் போட்டார். மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அவள் சொன்னதுதான்" என்று மலையாளத்தில் தெளிவாகச் சொன்னார்.

அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். நான் நாக்கில் வந்ததையெல்லாம் பேசினேன், அதை இங்கே எழுத முடியாது. ரத்னபாய் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜோஸ்னா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நான் பின்னால எழுதிக் குடுக்குதேன் மக்கா. தேர்தல் ஒண்ணு கழியட்டு" என்றார் அத்தான்.

"மேகத்துக்குள்ள எனக்கும் நேராத்தான் இருந்ததுப்பா. நான் என்னையே நம்பல்ல. அதனாலயாக்கும் உயிரோட வந்தேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒங்கள நம்பினேன்."

பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

காது, மூளை, கண் என்று எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பயிற்சிக்குத் தகுதியில்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். மோகனன் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறார். மேகத்தில் உன்னை நம்பாதே என்று இன்னும் சொல்லிக்கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தான் தேர்தலில் ஜெயித்தார். எழுதிக் கொடுப்பதாகச் சொன்னது இன்றுவரை வரவில்லை. நான் அவரிடம் பேசுவதில்லை. ஆனால் அவர் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் வீடு சபைக்குப் பக்கம், ஒலிபெருக்கி எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்தே கட்டியிருக்கிறது. ஞாயிறுதோறும் அறிவிப்புகளை வாசித்து முடித்ததும், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்" என்று அவர் குரல் வரும். அப்போது ஜோஸ்னா எழுந்து அடுக்களைக்குப் போய் மிக்ஸியைப் போடுவாள். பல நாள் ஜாருக்குள் அரைக்க ஒன்றும் இருக்காது.