சட்டைப் பையில் இரண்டு வாக்குத்தத்தங்கள்

ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் மயிலாப்பூர் சபையில் வரிசையில் நிற்போம். பீடத்துக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டில் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் உங்களுக்குச் சொல்லும் வார்த்தை, வாக்குத்தத்தம், அது. வர முடியாதவருக்காக வேறொருவர் எடுக்கலாம்.

அந்த வருடம் நான் இரண்டு எடுக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் நான் கல்யாணத்துக்குக் கேட்டிருந்த பெண் அடையாறில் நர்ஸ். புத்தாண்டு காலையில் அவளுக்கு டியூட்டி.

"எனக்கும் நீயே எடுத்துடுப்பா," என்றாள் போனில். "கர்த்தர் இன்னா சொல்றாரோ, அதைப் பாத்துட்டுத்தான் உனக்குப் பதில்."

"கேட்டதும் நான், அட்டை எடுக்கறதும் நானா? இது நியாயமா?"

"அதெல்லாம் அவர் பாத்துப்பார். நீ கையை மட்டும் நீட்டு."

நீட்டினேன். விரல்கள் தட்டில் கொஞ்சம் அதிகமாகவே அலைந்திருக்க வேண்டும்.

"லாட்டரி சீட்டா தம்பி இது? எடுத்துட்டு நகருங்க," என்றார் தட்டோடு நின்ற பாஸ்டரம்மா. பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு ஒன்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். எனக்கு ஒன்று எடுத்து அதே பையில் போட்டேன். பெஞ்சுக்குப் போய் முழங்காலிட்டு ஜெபித்தேன். பிறகு இரண்டையும் வெளியே எடுத்தேன்.

ஒன்று, பொறுமையோடு காத்திருக்கச் சொன்னது. மற்றது, மகிழ்ச்சியோடு புறப்படச் சொன்னது. ஒரே அளவு, ஒரே ரோஜாப்பூப் படம். எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வேலை பத்திரிகை அலுவலகத்தில். படத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர் யார் யார் என்று சரிபார்க்காமல் ஒரு வரியும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

பைக்கை எடுத்தேன். விடுமுறையில் தெரு காலியாக இருந்தது. மந்தைவெளியைத் தாண்டும்போது புறப்படச் சொன்ன நல்ல அட்டை அவளுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டேன், பாட்டுகூட வந்தது. அடையாறு பாலத்தின் நடுவில் பாட்டு நின்றுவிட்டது. ஆண்டவர் அவளிடம் சொன்னதை நான் திருத்தி எழுதுவதா?

மருத்துவமனை கேன்டீனில் இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"பின்னாடி பேர் எழுதக்கூடாதா? நீயெல்லாம் இன்னா பேப்பர்காரன்!"

பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கண்களை மூடினாள். நானும் மூடிக்கொண்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"இது உன்னோடது," என்று காத்திருக்கச் சொன்ன அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

அட்டையை நான் தொடவில்லை. "எப்படிச் சொல்றே?"

"மூணு மாசமா காத்துக்கினு இருக்கறது யாரு, நானா?" மற்ற அட்டையைத் தன் யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாள். "புறப்படச் சொன்னது எனக்கு. நான் ரெடி. எங்க வீட்ல வந்து பேசு."

நாற்காலியிலிருந்து எழுந்தேன். எழுந்தபிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். "அப்போ இந்த அட்டை? நான் இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?"

"ரெண்டு மணிக்குத்தான் டியூட்டி முடியுது. வெளிய காத்திரு."

அப்போது மணி பத்தரை. வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, வேதவசனத்துக்கு எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிந்தேன். வாசல் காவலாளிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன். ஆறாவது முறை சொன்னபோது அவர் தன் நாற்காலியை என்னிடம் நகர்த்தி, "உக்காருங்க சார், எனக்கே தலை சுத்துது," என்றார்.