சோம்பு வாசனைத் துண்டு

“பூத்தூளுக்கு மூச்சு முட்டுமா? அப்படின்னா இந்தத் தோட்டத்துல ஒரு ஆளு உயிரோட இருக்க முடியாதுலா. உனக்குப் பனி ஒத்துக்கல. தலைய மூடிட்டுப் படும்மா, போ.”

காப்பார் ஊரை ஒட்டிய எங்கள் செம்பனைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் என்னிடம் சொன்னது இது. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை காய்க்க மனிதக் கை வேண்டியிருந்தது. ஆண் பூங்குலையை வெட்டி உலுக்கி, உதிரும் மகரந்தத் தூளைக் காயவைத்து, முகப்பவுடர் போன்ற வெள்ளை மாவோடு கலப்பார்கள். அதை ரப்பர் பந்து மாட்டிய குழாயில் நிரப்பி, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் பீச்ச வேண்டும். என் அம்மாவுக்கு அதுதான் வேலை. “இத்தனை மரத்துக்கும் நாந்தான் கல்யாணத் தரகர். ஒருத்தனாவது பத்திரிகை வச்சானா பாரு!” என்பார்.

புருவமெல்லாம் வெளுத்து வீடு திரும்புவார். செம்பனைப் பூவுக்குச் சோம்பு வாசனை. எனக்கு அது அம்மாவின் வாசனை.

சிறு வயதிலிருந்தே எனக்கு இளைப்பு உண்டு. நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கினால் அம்மா ஓடி வந்து, வேலைக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, பனி படாமல் என் காதையும் மூக்கையும் சேர்த்துச் சுற்றி மடியில் போட்டுக்கொள்வார். உள்ளே இருட்டு, கதகதப்பு, சோம்பு வாசனை. மூச்சு இன்னும் அடைக்கும். அம்மா இன்னும் இறுக்கிச் சுற்றுவார்.

ஆறாம் படிவத்துக்காக நகரத்துக்குள் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னம்மாவின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தால் டீசல் புகை. ஆனால் இளைப்பு வரவே இல்லை. ஒரு விடுமுறை முடிந்து கிளம்பும்போது, “அந்தத் துண்டக் குடும்மா, உன் வாசனையாவது கூட இருக்கட்டும்” என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துவைக்காமலே மடித்துக் கொடுத்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அதைத் தலையணை மேல் விரித்து முகம் புதைத்துப் படுத்தேன். நெஞ்சு விசிலடித்தது. அங்கே பனியும் இல்லை, தோட்டமும் இல்லை. துண்டு மட்டும்தான் இருந்தது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உதறி, நுண்ணோக்கியில் பார்த்தேன். வெள்ளைச் சிதறல்களுக்கு நடுவே மூலை மழுங்கிய முக்கோணங்களாகப் பூத்தூள் கிடந்தது. காற்றில் மிதந்து மூக்குக்குள் போகும் அளவுக்குச் சிறியது. பெரும்பாலோரை அது ஒன்றும் செய்யாது. சில உடம்புகள்தான் அதைப் பகையாக நினைத்து மூச்சுக்குழாயைச் சுருக்கிக்கொள்கின்றன.

அடுத்த விடுமுறையில் இதைச் சொல்லத்தான் டிரெஸரிடம் போயிருந்தேன். அவர் நம்பாதது பெரிதில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக எனக்கு மருந்தென்று அவர் நினைத்த துண்டாயிற்றே.

அன்று மாலை எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“துண்டு வேணாம்மா.”

“ஏன், அழுக்கா இருக்கா?”

அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். படித்த மகளுக்குத் தன் வேர்வை ஆகவில்லை என்று நினைத்துவிட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாக எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா எழுந்தார். வெளியே போய்த் துண்டைக் கொய்யா மரத்தில் போட்டார். குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடை மாற்றி, ஈரத் தலையோடு வந்து என்னை மடியில் சாய்த்துக்கொண்டார். சவுக்கார வாசனை மட்டும் இருந்தது. இளைப்பு மெல்ல அடங்கியது.

“ஏன் பிள்ளே, பூவுக்குத் தூள் அடிக்கும்போது எனக்கும் நெஞ்சு விசிலடிக்குதே. அதுவும் இதானா?”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “எப்ப இருந்தும்மா?”

“ரொம்ப நாளா. என்கிட்ட இருந்துதான் உனக்கு ஒட்டிக்கிச்சோன்னு பயம். அதான் வாயத் திறக்கல.”

மறுநாள் அம்மாவை வேலைக்கு விடவில்லை. நல்ல சேலை கட்ட வைத்து, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினேன். டாக்டருக்குக் காட்ட ஒரு சிட்டிகைப் பூத்தூளை இறுக மூடிய சீசாவில் எடுத்துக்கொண்டேன்.

“டிரெஸர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, கோவிச்சுக்குவாரு” என்றார் அம்மா.

“திரும்பி வந்து சொல்லிக்கலாம்மா.”

பஸ் காப்பாரைத் தாண்டிவிட்டிருந்தது.