பேண்ட்வித் இல்லாத ஹாஜியார்

"எனக்கு பேண்ட்வித் இல்ல."

முனாப்ட வாயில தினமும் இதான். அரிசி வாங்கிட்டு வாங்க எண்டாலும் பேண்ட்வித் இல்ல. குர்ஆன் ஓதப் போற புள்ளையக் கூட்டிட்டுப் போங்க எண்டாலும் பேண்ட்வித் இல்ல. நேரமும் மனசும் இல்ல எண்டு சொல்ல வெக்கம், அதுக்கு ஒரு இங்கிலீசுப் போர்வை.

என்ட வூட்டுக்காரர்ர தம்பிதான் இவர். கல்முனையில பொண்டாட்டிர வூட்டு மேல்மாடியில இருந்து, கொழும்புக் கம்பனி ஒண்டுக்கு கம்பியூட்டர் வேல பாக்கார். வேலைக்கு அந்தப் பேச்சு தேவையா இரிக்கும். சோத்துக் கோப்பைக்கு முன்னாலயும் அதா? மீன் ஆணம் எப்பிடி எண்டு கேட்டா, போன வேர்ஷன் நல்லம் எண்டுவார். மாமனார் காய்ச்சல்ல கிடந்தா, ஸ்டேட்டஸ் என்ன எண்டு மேல இருந்து கேப்பார். இறங்கி வந்து நெத்தியத் தொட்டுப் பாக்கிறதில்ல.

போன வருஷம் அவர்ர அக்கா, மைமூனா ராத்தாக்கு ஒப்பரேசன். ஒருக்கா வந்து பாரு தம்பி எண்டு போன் எடுத்தா. அவவுக்கும் அதே பேண்ட்வித் பதில்தான். ராத்தா சண்ட புடிக்கல்ல. மறுகா அவரோட கதைக்கவும் இல்ல.

இந்த வருஷம் முனாப் ஹஜ்ஜுக்கு வெளிக்கிட்டார். போக முன்ன வூடு வூடாப் போய், கையப் புடிச்சி மன்னிப்புக் கேக்கிறது நம்மட வழமை. இவர் குடும்ப வட்ஸ்அப் குறூப்புல ஒரு மெசேஜ் போட்டார்: "பென்டிங் இஷ்யூ ஏதும் இருந்தா எல்லாரும் குளோஸ் பண்ணிருங்க." அல்லாஹ்ட வூட்டுக்குப் போற மனிசன் எழுதுற எழுத்தா அது?

ஒருத்தரும் பதில் போடல்ல. ஹஜ் முடிச்சி வந்து, பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணியும் எடுத்து வெச்சி, ஹாஜியார்ர துஆ, பிரார்த்தனை கேட்டு வாற ஆக்களுக்கு கதிரையும் அடுக்கினார். ஒரு காக்காக் குஞ்சும் வரல்ல.

கடைசியில நான்தான் ஏசி, நிந்தவூர் பஸ்ஸுல ஏத்தி, ராத்தாட வூட்டுக்குக் கூட்டிப் போனன். வாசலில நிண்டு, கம்யூனிகேஷன் கேப் எண்டு தொடங்கினார்.

"தம்பி, மனிசன் கதைக்கிற மாதிரி கத" எண்டா ராத்தா.

மறுகா, "எனக்கு நேரம் இருந்திச்சி ராத்தா. சும்மாதான் வரல்ல" எண்டார்.

"அது எனக்கு அப்பவே தெரியும். உள்ளுக்கு வா."

ராத்தா மன்னிச்சிட்டா. மத்த சனம் இன்னும் எட்டிப் பாக்கல்ல. பேரீச்சம்பழத்துல எறும்பு ஏறுது. ஆளும் முழுசாத் திருந்தல்ல, அத நான் மறைக்கல்ல. எண்டாலும் ஹஜ் செஞ்சிட்டு வந்த மனிசன், ஒருக்காப் போய்ப் பாருங்க. பேண்ட்வித் எண்டு வாயத் தொறந்தா, ராத்தா சொன்னத நீங்களும் சொல்லுங்க.