ரூட்டுக்காரர் போட்ட ரூட்டு

டிப்போவில் அவருக்கு ரூட்டுக்காரர் என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறவர். புதுத் தடத்தில் வண்டி விடப்போகிறார்கள் என்றால், மற்ற டிரைவர்கள் அன்று காலையில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இவர் அதற்கு முந்தின விடுமுறையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தடம் முழுவதும் ஒரு நடை போய் வந்துவிடுவார். எந்த முக்கில் மரக்கிளை தாழ்ந்து கிடக்கிறது, எந்தத் திருப்பத்தில் லாரிக்காரன் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டுச் சாப்பிடப் போவான், எந்த வேகத்தடையில் பஸ்ஸின் அடிவயிறு உரசும், இதெல்லாம் தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை, நிற்க இடமில்லாத கூட்டத்தோடு பஸ்ஸை ஒரு முட்டுச்சந்துக்குள் விட்டுவிட்டார். முன்னால் சுவர், பின்னால் ஹாரன், உள்ளே ஆளுக்கொரு யோசனை. ரிவர்ஸிலேயே மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும். அன்றோடு சரி. தெரியாத தெருவுக்குள் அதற்குப் பிறகு அவர் மூக்கை நுழைத்ததே இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். எந்த வழியாகப் போகிறோம் என்று அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நம்பிக்கை ஒரு காரணம். கேட்டால் பதில் நீளமாக வரும் என்பது இன்னொரு காரணம்.

அந்த அம்மாள் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையில் வேலை செய்கிறார். கண்ணாடி வெட்டுவது, அட்டையை அளந்து ஓரம் விடுவது, பின்பக்கம் ஆணி அடித்து ஒட்டுவது எல்லாம் அவர் கைதான். ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் படங்களில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். பிராக் நகரத்துச் சார்லஸ் பாலம். கல்பாலம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சிலைகள், பின்னால் மலைமேல் கோட்டை. முன்னால் நிற்கிற ஆட்கள்தான் மாறுவார்கள்.

"எத்தனை பேரை அந்தப் பாலத்துல நிக்க வச்சு ஆணி அடிச்சிருப்பேன்? ஒரு தடவை நானே போய் நின்னு பாக்கணும்ங்க" என்பார்.

ஒவ்வொரு வருஷமும் அது தள்ளிப்போனது. மகள் படிப்பு, கணவரின் ஷிப்ட், கடையில் ஆளில்லை. பிறகு அந்த அம்மாளின் முழங்கால் வந்து குறுக்கே நின்றது. ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே முடிந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் கடைசி நாளில் சொல்லிவிட்டுப் போனாள்: "நல்லா நடங்கம்மா. நடுநடுவுல உக்காந்துக்கங்க. ஒரே மூச்சா காய்கறிக் கடை வரைக்கும் போறீங்கள்ல, இப்போதைக்கு அது போதும்."

அன்றிலிருந்து வீட்டில் தூரத்துக்கு அதுதான் அளவுகோல். காய்கறிக் கடைத் தூரம்.

வெளியூரில் இருக்கும் மகள் உடனே காரியத்தில் இறங்கினாள். ஒரு வார லீவு. பிராக், வியன்னா, புடாபெஸ்ட். ஊருக்கு ஊர் ரயில். "ரயிலும் ரூமும் நான் பாத்துட்டேன். தெருவை அப்பா பாத்துக்கட்டும். இல்லேன்னா அவருக்குத் தூக்கம் வராது" என்று அம்மாவிடம் சொன்னாள். "ரூமை ரத்து பண்றதா இருந்தா மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்றாள் அப்பாவிடம்.

ரூட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, லேப்டாப்பைத் திறந்து, வேலைக்குப் போகிற மாதிரி சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கூட்டரில் போய்ப் பார்க்க முடியாத ஊர். மேப்பில்தான் போயாக வேண்டும். தங்கும் அறையிலிருந்து பாலத்துக்கு வழி கேட்டார். நீலக்கோடு வந்தது. அந்தக் கோட்டின் மேலேயே தெருப் படங்களைத் திறந்து திறந்து, முக்குக்கு முக்கு நின்று பார்த்து, மெதுவாக நகர்ந்தார். கோடு எவ்வளவு நேரமாகும் என்றும் சொல்லியது. அதை அவர் சட்டை செய்யவில்லை. இந்த மெஷினுக்கு நம் நடை எப்படித் தெரியும்? கிலோமீட்டரை மட்டும் பார்த்தார்.

பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது. கோடு வளைந்து, நெளிந்து, ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாலம் வரை போய், அக்கரையில் ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. வழி நெடுகச் சுவர்கள், சிக்னல்கள், கார் நிறுத்துமிடங்கள். பழைய ஊர் எங்கே என்று தேடினால் ஒவ்வொரு சந்தின் வாயிலிலும் சிவப்பு வட்டப் பலகை. உள்ளே போகக் கூடாது. நல்ல டிரைவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிவிட்டார்.

வியன்னாவில் இன்னும் மோசம். ஊர் நடுவில் இருக்கிற பெரிய தேவாலயத்துக்குக் கிட்டத்தில் விடாமல் வட்டச்சாலையிலேயே சுற்ற வைத்தது. புடாபெஸ்டில் மலைக்கு அடியில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைத்து மறுபக்கம் துப்பியது. "இதைப் பாக்கவா சனம் பிளேன் ஏறிப் போகுது?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டார்.

கடைசியாக ஒரு காரியம் செய்தார். சார்லஸ் பாலத்தின் நட்டநடுவில் விரலை வைத்து, இங்கே கொண்டுபோய் விடு என்றார். கோடு கரையிலேயே நின்றுகொண்டது. அதற்குப் பிறகு வெறும் புள்ளிகள்.

பாலம் மூடியிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் விழுங்கிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்தா பாரு, அந்தப் பாலம் இருக்குல்ல… மூடி வச்சிருக்கான் போல. ஏதோ வேலை நடக்குது."

அவர் மனைவி தலையணை உறையை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"எப்பத் திறப்பானாம்?"

"தெரியல."

"சரி, கரையில நின்னு பாத்துட்டு வரலாம்."

"கரைக்கே தூரமா இருக்கும்மா. ஒரு காய்கறிக் கடையில்ல, பல காய்கறிக் கடை."

அந்த அம்மாள் சிரித்தார். ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை. ரூட்டுக்காரர் அதைக் கவனித்தார். தினமும் சாயங்காலம் அவர்தான் கடைக்குப் போய் மனைவியை வீட்டுக்குக் கூட்டி வருவார். ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டர் வேண்டாம், நடைதான். பாதி வழியில் மருந்துக்கடை பெஞ்சில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துதான் வர முடிகிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊரில் மலையைச் சுற்றி நடக்க வைத்து, கடைசியில் மூடிய பாலத்தைக் காட்டுவதா? அதைவிட அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ரத்து செய்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். வாய்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

மதியம் டிப்போ கேண்டீனில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய கண்டக்டர். டிப்போவில் விசில் என்று பெயர். ஒரே பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள், இவர் உட்கார்ந்தபடி, அவர் நின்றபடி.

"என்னய்யா, மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?" என்றார் விசில்.

"ட்ரிப்பைக் கேன்சல் பண்ணலாம்னு இருக்கேன்."

"ஏன், தங்கச்சிக்கு மறுபடியும் கால்…?"

"கால் நல்லாத்தான் இருக்கு. ஊர்தான் சரியில்ல."

"எந்த ஊரு?"

"மூணும்."

விசில் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மூணு ஊரையும் ஒரே மூச்சுல ஃபெயிலாக்கிட்டியா? கொண்டா இங்க." போனைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். ரூட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டே விளக்கினார். இங்கே ஒன்வே. இங்கே வலதுபக்கம் திரும்ப விடமாட்டான். இந்தத் தெருவில் நுழையவே கூடாது. பாலம் வேறு மூடியிருக்கிறது.

விசில் கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"ஏன்யா, பஸ்ஸையும் பிளேன்ல ஏத்திக்கிட்டா போறே?"

"கிண்டல் பண்ணாதே. நாங்க நடந்துதான் போறோம்."

"நடக்கறவனுக்கு எதுக்குய்யா ஒன்வே?"

ரூட்டுக்காரர் போனை இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"மேல பாரு, கார் பொம்மை. நீ காருக்கு வழி கேட்டிருக்கே. அதுவும் பாவம், காருக்குச் சொல்லியிருக்கு. பக்கத்துல ஒருத்தன் நடந்து போறானே, அவனை என்னைக்காவது கண்ணெடுத்துப் பாத்திருக்கியா? ஸ்டாப்புல கை காட்டறவனையே நீ பாக்க மாட்டே." விசில் நடக்கிற பொம்மையை அழுத்தினார்.

அத்தனை வளைவும் நெளிவும் காணாமல் போயின. அறையிலிருந்து கிளம்பிய கோடு, சிவப்புப் பலகை வைத்திருந்த சந்துகளுக்குள் கூசாமல் நுழைந்து, மணிக்கூண்டு இருக்கும் சதுக்கத்தைத் தாண்டி, நேரே போய்ப் பாலத்தின் மேலேயே ஏறியது. நடுவில் நிற்கவில்லை. அக்கரைக்கே போய்விட்டது.

"பாலம் மூடியிருக்குன்னு…" என்று இழுத்தார் ரூட்டுக்காரர்.

"உனக்கு மூடியிருக்கு. எனக்குத் திறந்திருக்கு" என்றார் விசில். "வண்டியை விடமாட்டான்யா அதுல. அதனாலதான் எல்லாரும் அங்க நின்னு படம் பிடிக்கறான். உன்னை மாதிரி ஆளுங்க வந்து ஹாரன் அடிச்சா எவன் நிப்பான்?"

ரூட்டுக்காரர் போனை வாங்கிக் கிலோமீட்டரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வியன்னாவைப் போட்டார். தேவாலயம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. புடாபெஸ்டைப் போட்டார். ஆற்றங்கரை வாசலுக்கு வந்திருந்தது. எதுவுமே ஒரு காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. அந்த வாரம் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் எந்த நிமிஷத்தில் உருண்டு போனது என்று தெரியவில்லை. சிரிப்புதான் வந்தது. டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் என்ன என்று கேட்க, சொல்லாதே என்று இவர் கண்ணைக் காட்ட, விசில் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். டிப்போ வாசலைத் தாண்டுவதற்குள் செக்யூரிட்டி வரைக்கும் கேட்டுவிட்டார்கள்: "அண்ணே, பஸ்ஸுக்கு விசா எடுத்தாச்சா?"

வழியிலேயே மகளுக்குப் போன் போட்டார். "ரத்தெல்லாம் வேணாம்மா."

"அம்மாவுக்கு நடக்கத் தூரம்னு புலம்பிக்கிட்டு இருந்தீங்களேப்பா. இப்ப என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வண்டியை விட்டு இறங்கிட்டேன்" என்றார்.

ஃபிரேம் கடையில் அவர் மனைவி ஒரு படத்தின் மேல் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். அதே பாலம். இவர் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்காமல் கேட்டார். பிறகு படத்தை இவர் பக்கம் திருப்பினார்.

"இதை நேத்துதான் கொண்டாந்து குடுத்தாங்க. போன வாரம் எடுத்ததாம். இவ்வளவு கூட்டம் நிக்குது, ஒரு வண்டி இல்ல. எனக்கு அப்பவே சந்தேகம்ங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ரூட்டு விஷயத்துல உங்ககிட்ட யாரு வாய் குடுக்கறது? நீங்க ரத்து பண்ணணும்னு வாயைத் திறந்தாத்தான் படத்தை எடுத்து நீட்டறதுன்னு வச்சிருந்தேன்." கண்ணாடியில் இருந்த விரல் ரேகையைத் துடைத்தார். இந்த முறை சிரிப்பு கண்வரை போயிருந்தது. "மூடியே கிடந்தாலும் நான் போயிருப்பேன். கரையில உக்காந்து எப்பத் திறப்பான்னு பாத்துக்கிட்டு."

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் இறங்கினார்கள். ரூட்டுக்காரர் வழக்கம்போல இடதுபக்கம் திரும்பினார். அந்தத் தெரு ஒன்வே. வீடு வலதுபக்கம்தான், ஆனால் இடதுபக்கம் போய், பெட்ரோல் பங்க் வரை நடந்து, சிக்னலில் திரும்பி, மருந்துக்கடை வழியாகத்தான் ஸ்கூட்டரில் எப்போதும் போவார்கள். நடக்க ஆரம்பித்த பிறகும் அதே வழிதான். நாலடி வைத்த பிறகுதான் மனைவி கூட வரவில்லை என்பதைக் கவனித்தார். திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் கடை வாசலிலேயே வலதுபக்கம் பார்த்தபடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ரூட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பெட்ரோல் பங்க், சிக்னல், மருந்துக்கடை பெஞ்ச் எல்லாம் வரிசையாக மண்டைக்குள் ஓடின.

"அப்போ, இத்தனை நாளா…?"

"காலையில தனியா வர்றப்ப நான் நேராத்தான் வரேன். எங்கயும் உக்கார்றதில்ல. சாயங்காலம் உங்க கூட வர்றப்பதான் ஊரைச் சுத்தறோம்."

"கால் வலிக்குமேம்மா. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பயிற்சிதானேன்னு விட்டுட்டேன்." கைப்பையைத் தோளில் மாட்டினார். "அதோட, வீட்டுக்குப் போயிட்டா நீங்க அந்த மேப்புக்குள்ள போயிடறீங்க. சுத்தி வந்தா கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு வரலாம்ல."

ரூட்டுக்காரர் அந்த நாலடியும் திரும்பி வந்தார். வலதுபக்கம், தெரு முக்கில், சிவப்பு வட்டப் பலகை. அதன் அருகில் வந்ததும் வலது கால் தானாக ஒரு முறை தரையை அழுத்தியது. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க, யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க."

எதிரே வந்த ஒரு வேன்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அந்தத் தெருவில் பூந்தொட்டிகள் விற்கும் கடை ஒன்று இருப்பதை அன்றுதான் ரூட்டுக்காரர் பார்த்தார். எந்த வழியாகப் போகிறோம் என்று கேட்காமல், அந்த அம்மாள் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பினார்.