தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆண்ட்வெர்ப் தெரு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு தெரு இருந்ததாம். தெரு நிறையக் கடை இருந்ததாம், யாவாரம் மட்டும் இல்லையாம். எங்கள் தாத்தா கதை சொல்கிற மாதிரிதான் எனக்கும் ஆரம்பிக்க வருகிறது.

போட்டோ பிடிக்கிற தொழிலுக்குக் கண்ணைவிடத் தொண்டை முக்கியம். "அசையாதீக" என்று அதட்டத் தெரியணும். எனக்குச் சத்தம் வராது. நான் எடுத்த படங்களில் பாதி ஆடிப்போன முகங்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வேர்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

எழுபதுகளில் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஸ்டுடியோ. பின்சுவரில், படத்துக்கு நிற்பவர்களின் பின்னணிக்காக ஒரு படுதா. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் என்ற ஊரின் பழைய கடைத்தெரு அதில் இருந்தது: ஒட்டிக்கொண்டு நிற்கும் கூர்முகட்டு வீடுகள், கல் பாவிய தரை, கோபுரக் கடிகாரம், தெருமுக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பும் ஒரு ஆள். ராயப்பன்பட்டி சவேரியம்மா சட்டம் போடக் கொண்டுவந்த தபால் அட்டையைப் பார்த்து, நாடகத்துக்கு சீன் எழுதுகிற ஓவியர் வரைந்தது. அட்டையை அனுப்பியது, கப்பலில் சமையல் வேலைக்குப் போன அந்த அம்மாவின் மகன் அந்தோணி.

சீமை மாப்பிள்ளை

ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் மகனுக்கு வாடகைக் கோட்டு மாட்டிக் கூட்டிவந்தார். பையன் சீமைக்குப் போய் வந்தவன் என்று பெண் வீட்டில் சொல்லியாயிற்றாம். அதிசயமாகப் படம் ஆடாமல் விழுந்து, பெண் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் இருவரும் திரும்பி வந்தார்கள். சம்பந்தம் கலைந்துவிட்டது. பெண்ணின் அண்ணன் கல்யாணப் படத்திலும் இதே தெரு, இதே கடிகாரம். எடுத்ததும் நான்தான். நான் வருத்தம் சொன்னது பையனின் அப்பா காதில் விழவில்லை. மகன்தான் சிரிக்காமல் சொன்னான்: "விடுங்கண்ணே, அவுக வீட்டுலயும் ஒருத்தரும் சீமைக்குப் போகலன்னு நமக்குந் தெரிஞ்சு போச்சுல்ல."

போடி யாவாரி

போடியில் ஏலக்காய்க் கடை வைத்து நொடித்துப்போன ஒருவர் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இம்புட்டுக் கடையில ஒருத்தனாச்சும் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடுறானா பாரு. எங்கடை மாதிரியேதேன் இருக்கு."

மறுநாள்

சவேரியம்மா சனிக்கிழமை சந்தைக்கு வரும்போதெல்லாம் வருவார். படம் எடுத்துக்கொள்ள மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்ப்பார். அட்டையின் பின்னால் மகன் எழுதியிருந்தான்: 'அம்மா, நாளைக்கு இந்தத் தெருவில் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்குவேன்.' அதன் பிறகு மூன்று வருசமாகக் கடுதாசி இல்லை. எந்தக் கடை சால்வைக் கடை என்று அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் எழுந்து போய்த் தெருமுக்கு ஆளின் தோளைத் தொட்டார். "எம்மவன் நடை," என்றார். அட்டையில் அங்கே ஆளே இல்லையே என்று மெதுவாகச் சொன்னேன். அன்றைக்கு என் குரல் கேட்டுவிட்டது. "அட்டை போட்ட அன்னைக்கி அவென் எப்பிடி இருப்பான் தம்பி? நாளைக்கித்தேன போறேன்னு எழுதிருக்கான். இது மறுநாளு."

ஒட்டு

மழையில் ஊறிய படுதாவைச் சரிசெய்ய ஓவியர் வந்தது சனிக்கிழமையாய்ப் போயிற்று. "அந்த ஆளு யாருங்கய்யா?" என்று சவேரியம்மா கேட்டார். சொல்ல வேண்டாம் என்று நான் கையைக் காட்டுவதற்குள் ஓவியர் வர்ணத்தைக் குழைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "ஆளாவது! துணி அங்கன கிழிஞ்சு கெடந்துச்சு. ஒட்டு தெரியாம இருக்க ஒருத்தன நிறுத்துனேன்."

சவேரியம்மா சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டார். "கிழிசல மறைக்கத்தேன் நின்னானாக்கும். வீட்டுலயும் அவனுக்கு அதேன் சோலி."

கம்பெனிக் கடுதாசி

அதற்குப் பின் பல சனிக்கிழமை அந்த அம்மா வரவில்லை. வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் கப்பல் கம்பெனி இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்பிய கடுதாசி. வாசித்தேன். "சத்தமா வாசி தம்பி." மறுபடி வாசித்தேன். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி ஊருக்குள் போனவர் கப்பலுக்குத் திரும்பவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. போன தேதி, அட்டைக்கு மறுநாள்.

கடுதாசியை மடித்து வாங்கிக்கொண்டு, "ஒரு படம் எடு," என்றார். படுதாவுக்கு முன்னால் போய், தெருமுக்கைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஆத்தா, இங்கிட்டுத் திரும்புங்க."

"நீ எடு. அவென் திரும்பிப் பாத்தா எம்மூஞ்சி தெரிய வேணாமா?"

எடுத்தேன். படம் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்காமலே படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அந்தத் தெருவில் எத்தனையோ பேரை நிறுத்தினேன். நான் சொல்லாமலே அசையாமல் நின்றது அந்த அம்மா ஒருத்திதான், அந்தப் படத்தில்தான் முகமே இல்லை.