நிறுவை லொறிக்குப் பின்னால்

பக்கத்து வீட்டு றாபியா போன வாரம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயா, சுண்ணாம்பு கொஞ்சம் ஈக்கா? மகளுக்கு அட்ட கடிச்சீக்கி" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போன இடத்தில் அட்டை கடித்திருக்கிறது. பல் விழுந்த பிறகு வெற்றிலை பழகிய புத்திசாலி நான். சிற்றுரலில் இடித்துத்தான் போடுகிறேன். மடவளையில் எங்கள் ஒழுங்கையில் சுண்ணாம்புக்கு என்னிடம்தான் வர வேண்டும். டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், அந்தச் சிறுமியின் குதிகாலில் நிற்காமல் வடிந்த மெல்லிய இரத்தக் கோடும் சேர்ந்து என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டன. இதை ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கொழும்பில் கந்தோர் உத்தியோகம். மனைவி யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெண் கேட்டுப் போனபோது, என் பெற்றோர் கண்டி நகரில் கடை வைத்திருந்து இறந்துபோனார்கள் என்று சொன்னேன். இறந்தது மட்டும் உண்மை. பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் இறந்தார்கள். எனக்கு ஓர் அக்கா இருப்பதைச் சொல்லவே இல்லை. இரண்டாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டவள் அவள். "நீ படிடா, நான் கொழுந்தப் பாத்துக்கிறேன்" என்று என்னைக் கண்டியில் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டவளும் அவள்தான். கல்யாணம் நெருங்கியதும் அவளுக்குக் கடிதம் போடுவதை நிறுத்தினேன். பத்து வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை.

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. கொழும்பு மதில்களுக்குள் வளர்ந்த பிள்ளைகள். மகள் ஒரு நாள் நீர்வீழ்ச்சி வரைந்தாள். குழாயிலிருந்து வாளிக்குத் தண்ணீர் விழுகிற மாதிரி இருந்தது. சிரித்தோம். மலைக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். எத்தனையோ மலைகள் இருக்க அந்த மலையை ஏன் தெரிந்தெடுத்தேன்? எனக்கு அதைப் பார்க்க வேண்டும். என்னை அங்கே யாரும் பார்க்கக் கூடாது. திருட்டு மனசுக்கு இப்படியும் ஓர் ஆசை.

அதற்கு ஒரு திட்டமும் வைத்திருந்தேன். பகல் நிறுவை நேரத்தில் மலையில் ஆளிருக்காது. எல்லாரும் கொழுந்துக் கூடைகளோடு பள்ளத்திலிருக்கும் மடுவத்துக்கு, அதாவது நிறுக்கும் கொட்டகைக்கு, இறங்கிவிடுவார்கள். சின்ன வயதில் அக்காவுக்குச் சோறு கொண்டுபோய் அங்கேதான் காத்திருப்பேன். அந்த அரை மணித்தியாலத்துக்குள் றோட்டைக் கடந்துவிடலாம். வழியில் வத்தேகமயில், வாடகைக்குப் பிடித்த வானை வேண்டுமென்றே நிறுத்தி நேரத்தைப் போக்கினேன். தேத்தண்ணி குடிக்கத்தான் கொழும்பிலயிருந்து வந்தனாங்களோ என்று மனைவி சீண்டினாள்.

தோட்டத்தில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. நான் போன பிறகு மடுவத்தை மூடிவிட்டு, றோட்டுக்கே லொறி கொண்டுவந்து நிறுக்கத் தொடங்கியிருந்தார்கள். வளைவில் திரும்பினால் லொறி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மலையிலிருந்த அத்தனை பெண்களும் றோட்டில் வரிசையாக நிற்கிறார்கள்.

வான் நின்றதும் மகள் குதித்துப் புல்லுக்குள் ஓடினாள். அழுதுகொண்டு திரும்பி வந்தாள். குதிகாலில் அட்டை. மகன் மடியில் தூங்கியதால் மனைவி இறங்கவில்லை. நான் பிடுங்கப் போனேன். வரிசையிலிருந்து ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்து, பிடுங்கினால் புண்ணாகிவிடும் என்று என் கையைத் தட்டிவிட்டுக் குந்தினாள். இடுப்புப் பையிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தொட்டாள். அட்டை சுருண்டு விழுந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அக்கா. முன்பல் இரண்டு இல்லை. முகம் அப்படியே விரிந்தது.

எனக்கும் கூப்பிடத்தான் வாய் வந்தது. அதற்குள் வான் ஜன்னலிலிருந்து மனைவி, "நல்ல மனுசி. எந்த இடம் எண்டு கேளுங்கோ" என்றாள். நான் கேட்டேன்.

"நீங்க எந்த இடம்?"

விரிந்த முகம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "இந்தத் தோட்டந்தாங்க ஐயா. எங்களுக்கு வேற எடம் ஏது?"

வரிசையிலிருந்து ஒரு குமரி, "ஏய், தொரைக்கு ஒன் மூக்குடி" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"சும்மா கெட. நம்ம மூக்க வச்சிக்கிட்டு தொரை என்னா செய்வாரு" என்றாள் அக்கா. என்னை அப்போதும் அவள்தான் காப்பாற்றினாள்.

மகள் அழுகையை மறந்து, "உங்கட வீட்டில சின்னப்பிள்ளை இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு தம்பி இருந்தான் பாப்பா." சேலைத் தலைப்பால் மகளின் காலைத் துடைத்தாள். "படிக்கப் போனான்."

மனைவி ஒரு பிஸ்கட் பக்கெட்டை நீட்டினாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள், துரைமார் வீட்டில் வாங்குகிற மாதிரி. லொறி ஒதுங்கியது. நாங்கள் நீர்வீழ்ச்சி பார்க்கப் போனோம். பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். அது அழகாகத்தான் இருந்திருக்கும்.

தனியாகப் போய் அவள் காலில் விழலாம் என்று புறப்பட எனக்கு எட்டு மாதம் எடுத்தது. லயத்து அறையில் வேறு குடும்பம் இருந்தது. பக்கத்து அறைக் கிழவர் என்னை அடையாளம் கண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அக்கா கப்பல் ஏறிவிட்டாள்.

"இங்க ஒறவு யாரும் இருக்காங்களான்னு கந்தோருல ஒங்கக்காகிட்ட கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். யாரும் இல்லீங்கன்னுச்சு."

விலாசம் ஏதும் கொடுத்தாளா என்று கேட்டேன். "யாருக்குக் குடுக்கும், தம்பி?" என்றார்.

கப்பலில் போனவர்களை முதலில் தங்கவைக்கும் மண்டபம் முகாமுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மனைவி ஒன்றும் தெரியாமலே இறந்தாள். ஓய்வுபெற்று மடவளைக்குக் குடிவந்தது, இங்கிருந்து அந்த மலை தெரியும் என்றுதான். மழைக்காலத்தில் அதுவும் தெரியாது. ஒரு முறை ஆட்டோவில் ஏறிப் போனேன். லயம் இருந்த இடத்தில் மானாப்புல். நிரை பிரித்துக் கொழுந்து எடுத்த தேயிலை, ஆளுயர மரமாகிக் காடாகிவிட்டது. றோட்டில் லொறியும் இல்லை, வரிசையும் இல்லை.

மகள் இப்போது கனடாவில் பேரப்பிள்ளை கண்டவள். அந்தப் பயணத்தில் அவளுக்கு அட்டை கடித்த கதை மட்டும்தான் ஞாபகம். தோட்டத்தில் அப்பாவின் அக்காவை அத்தை என்போம். அந்தச் சொல்லை என் பிள்ளைகள் யாரையும் பார்த்துச் சொன்னதே இல்லை. றாபியா மகளின் கதையை நான் போனில் சொன்னபோது, "எனக்கும் ஒரு அன்ரி சுண்ணாம்பு பூசினவ, என்னப்பா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, நல்ல மனுசி" என்றேன்.