பரீட்சை வாரத்தில் நிறுத்திய வண்டி

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருடம் ஆகியிருந்த சமயம். ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சந்தில் அப்போது ஸ்டியரிங் பிடித்த பெண் நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

வண்டிக்குள் பிள்ளைகள் போடுகிற கூச்சலில் காது கிழியும். ஆனால் பள்ளிக்கூட மதிலை ஒட்டிய இறக்கத்தில் மட்டும் அத்தனை பேரும் கப்சிப் என்றாகிவிட வேண்டும். அது நான் போட்ட சட்டம். பிரேக்கை மிதிக்கும்போது வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று எனக்குக் கேட்டாக வேண்டும். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகள், போகப்போக என்னைவிடக் கவனமாகக் காது கொடுக்க ஆரம்பித்துவிட்டன.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. இறக்கத்தில் வண்டியை மெல்ல நிறுத்தினேன். முன் சீட்டில் உட்காரும் வாலு ஒருத்தி, "ஆன்ட்டி, நம்ம வேன் பல்லக் கடிக்குது" என்றாள்.

எனக்கும் கேட்டது. முந்தைய வாரம் மெல்லிய கீச்சொலியாக இருந்தது இப்போது இரும்பு உரசுகிற மாதிரி கேட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டு பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். ஆயிலும் இறங்கியிருந்தது.

நேரே மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் பக்கம் வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பதே ஆயுத பூஜையை ஒட்டித்தான். சின்னச் சின்னக் கோளாறையெல்லாம் ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டு, பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் மொத்தமாக மாற்றுவார்கள். பூஜை நெருங்கிவிட்டதால் அவர் கடை வாசலில் நிற்க இடமில்லை. சக்கரத்தின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பிரேக் பேடு நல்லா தடிமனா இருக்குக்கா. சும்னே வெட்டிச் செலவு எதுக்கு இப்ப? எக்ஸாம் முடிஞ்சா லீவு, லீவுலயே ஆயுத பூஜை. அப்ப ஜோரா மாத்திடலாம்."

"வீலக் கழட்டிப் பாருங்கண்ணா."

"இன்னிக்கு கை ஒழியாதுக்கா. நாளைக்கு கடை தொறந்ததும் மொதல்ல உங்க வண்டி, போதுமா?"

அவர் கடை திறப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும். மதியம் மட்டும் மெதுவாக, ஊர்ந்து ஊர்ந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தேன். அந்தச் சத்தத்தோடு மறுபடி அந்த இறக்கத்தில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் கார்ப்பரேஷன் லாரி ஓட்டுகிறவர். அவரும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொன்னதையே சொன்னார். "நாளைக்கு ஒரு நாள் மெதுவா ஓட்டிட்டுப் போயேன். பரீட்சை நாள்ல வண்டிய நிறுத்தினா, அப்புறம் யாரு உங்கிட்ட புள்ளைங்கள அனுப்புவாங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. சந்து முனையில் இன்னொரு வேன்காரர் எப்போதடா என்று காத்திருந்தார். லேடீஸ் வண்டி என்றால் இப்படித்தான் என்று சொல்ல அவருக்கு ஒரே ஒரு காரணம் போதும். பேடு நன்றாகவே இருந்துவிட்டால் என் பிழைப்பில் மண். தேய்ந்திருந்தால் அந்த இறக்கத்தில் வண்டி நிற்காது. அதற்குமேல் நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். "நாளைக்கு வண்டி வராது. புள்ளைங்கள சீக்கிரம் ரெடி பண்ணி வைங்க, நானே நடத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முகம் சுளிக்காத வீடு இல்லை. ஒரு வீட்டில் அப்போதே தங்கள் இரண்டு பிள்ளைகளையும் அந்த இன்னொரு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வரவேயில்லை. சரி, போகட்டும்.

கார்மென்ட்ஸ் தையல் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அம்மாதான் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எக்ஸாம் நாள்ல எம்புள்ள நடந்து போய் எழுதணுமா? மெக்கானிக்கே நல்லாருக்குன்னு சொல்லிட்டாராமே. பயமா இருந்தா வண்டிய ஆம்பளைங்க கையில குடுத்துட்டுப் போங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பயமாத்தான் இருக்கு. பயப்படறவகிட்ட புள்ளையக் குடுத்திருக்கோம்னு சந்தோஷப்படு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினோம். பெரியது சின்னதின் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தண்ணீர் பாட்டில்களை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். பெருக்கல் வாய்ப்பாட்டை வழியெல்லாம் ராகம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சிக்னலில் நின்ற பஸ்காரர் நாங்கள் மொத்தமாகக் கடக்கும்வரை கையைக் காட்டிவிட்டுக் காத்திருந்தார். மணியடிப்பதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கேட்டில் நின்று நெற்றி வேர்வையைத் துடைத்தபோது, சண்டையில் ஜெயித்தவள் மாதிரிதான் இருந்தது.

கடையில் மெக்கானிக் வீலைக் கழற்றினார். வெளிப்பக்கத்துப் பேடு அவர் சொன்னபடி தடிமனாகத்தான் இருந்தது. உள்பக்கத்துப் பேடு டார்ச் வெளிச்சத்துக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் தேய்வதற்கு இனி ஒன்றுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைக் கோடு கோடாக அறுத்திருந்தது. பேடுகளை நகரவிடும் இரும்பு ஊசி துருப்பிடித்து இறுகிப்போனதால் உள்பக்கம் மட்டும் தனியாகத் தேய்ந்திருக்கிறது.

"டிஸ்க்கையும் மாத்தணும்க்கா" என்றார். பிறகு, "ஓட்டாம விட்டீங்களே, நல்ல வேள" என்றார். மற்ற வண்டிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மதியத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்தார்.

அந்தத் தகட்டைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதைப் பிரித்துக் காட்டுவது என்று முடிவு. முதலில் போனது கார்மென்ட்ஸ்காரி வீட்டுக்கு. அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன்.

"அது எதுக்குக்கா? அதப் பாத்தா எனக்கென்ன தெரியும்?" என்றாள். கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தாள். "நேத்து உங்கள அப்படிப் பேசிட்டேன். ஆனா இன்னிக்கு காலைல மெஷின்ல உக்காந்ததும் பக்கத்துல இருக்கறவகிட்ட சொன்னேன். எங்க வேன் அக்காவுக்கு மனசுல சின்ன சந்தேகம் வந்தாக்கூட, யாரு சொன்னாலும் வண்டிய எடுக்க மாட்டாங்கன்னு. சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாப் போச்சு. லீவு முடிஞ்சதும் எங்க சின்னவளையும் ஏத்திக்கங்கக்கா."

அவள் அதைச் சொன்ன காலை நேரத்தில் வீலைக் கழற்றியிருக்கவே இல்லை. பேடு நல்லதா கெட்டதா என்று அப்போது எனக்கே தெரியாது. மற்ற வீடுகளுக்கு நான் போகவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன்.